கடலுக்கு நடுவே ஒரு கடன்!

"அத்தான், ஒரு அஞ்சு லட்சம் மட்டும் தள்ளுங்க. ரெண்டே வருஷம். இருபத்தஞ்சா திருப்பித் தர்றேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் காபி தொண்டைக்குக் கீழே இறங்குவதற்குள் மச்சினன் இப்படி ஆரம்பித்தால் மனுஷனுக்குப் புரையேறுமா, ஏறாதா? ஏறியது. சகதர்மிணி ஓடி வந்து தலையில் தட்டினாள். வழக்கத்தை விடக் கொஞ்சம் பலமாகவே.

அஞ்சு லட்சம் என்று அவன் சொன்னது, நான் ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் தபாலாபீஸில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒன்பது லட்சத்தைத்தான். அதில் பாதி, சகதர்மிணியின் முட்டி ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கி வைத்தது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு படிக்கும் ஒரு சாமி பெயரைச் சொல்லி ஏறுகிறாள். எங்கள் வீட்டுக்குப் பதினெட்டுப் படி.

"என்ன பிசினஸ்டா?"

"பிசினஸ் இல்ல அத்தான், ஷேர். கடல்ல எண்ணெய்க் கிணறு தோண்டுற கம்பெனி. ஒரு காலத்துல முந்நூறுக்கு மேல வித்த ஷேர். இப்ப என்ன விலை தெரியுமா? முப்பது! இதுக்கு மேல எங்க விழும்?"

கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். அவன் செல்போனைத் திறந்து ஒரு படம் காட்டினான். பழநி மலையின் இழுவை ரயில் பாதையை மேலிருந்து கீழே பார்த்த மாதிரி ஒரே சரிவு. கடைசியில் துளியூண்டு மேலே திரும்பியிருந்தது. அந்தத் துளியூண்டில்தான் அவனுடைய இருபத்தஞ்சு லட்சம் இருக்கிறதாம்.

"கடன் எவ்வளவு இருக்கு?" என்றேன். (34 வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். வேறென்ன கேட்கத் தெரியும்?)

"அது கொஞ்சம் இருக்கு. ஆனா குரூடு ஏறிட்டா எல்லாம் சரியாயிடும்."

அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரக் கதைதான் இது.

முதலில் நான் போனது எந்த ஷேர் புரோக்கரிடமும் இல்லை. திருச்செங்கோட்டுக்குப் போனேன். சிரிக்காதீர்கள். பூமியில் ஓட்டை போட்டுப் பிழைப்பதைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அந்த ஊரை விட்டால் எது? நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் போர்வெல் வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று நாடு முழுக்க ஓடுகின்றன. என்னோடு வேலை பார்த்தவரின் சம்பந்தி அங்கே இரண்டு ரிக் வைத்திருக்கிறார். திண்ணையில் உட்கார வைத்து, சொம்பு நிறைய மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"கடல்ல போடறதும் போர்தானுங்க, காட்டுல போடறதும் போர்தானுங்க. அந்தக் கம்பெனி எண்ணெயை விக்குதுங்களா, அடிக் காசு வாங்குதுங்களா?"

கேட்டாரே ஒரு கேள்வி! மச்சினனுக்கே அது தெரியவில்லை. 'எண்ணெய்க் கம்பெனி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். உண்மையில் இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூடச் சொந்தமில்லை. எண்ணெய், ஓ.என்.ஜி.சி. மாதிரிக் கம்பெனிகளுடையது. இவர்கள் ரிக்கை வாடகைக்கு விடுகிறவர்கள். நம்மூரில் அடிக்கு இவ்வளவு என்றால், அங்கே நாளைக்கு இவ்வளவு. 2013, 2014-ல் ஆழ்கடலில் துளை போடும் பெரிய கப்பல் ஒன்றின் ஒரு நாள் வாடகை ஆறு லட்சம் டாலர் வரை போயிற்று. நாள் வாடகை, சார்! அடுத்த மூன்று வருஷத்தில் அதே மாதிரிக் கப்பல் இரண்டு லட்சத்துக்கும் கீழே இறங்கி வந்தும், கூப்பிட ஆளில்லாமல் நின்றது.

"நிக்கற வண்டிதானுங்க ஆளைக் கொல்லும்" என்றார் சம்பந்தி. "ஓடுனாலும் டியூ, ஓடலைன்னாலும் டியூ. மழை நல்லாப் பேஞ்சுதுன்னு வைங்க, ஊரே சந்தோசப்படும். நாங்க மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். வண்டி ஷெட்டுல நிக்கும். டயர் காயும், பேட்டரி எறங்கும், டாக்ஸ் கட்டோணும், டிரைவருக்குப் படி குடுக்கோணும். பைனான்ஸ்காரன் மட்டும் மழையா வெயிலான்னு பாக்கவே மாட்டானுங்க!"

கடலிலும் இதே கதைதான். வேலை இல்லாத ரிக்கை ஓரம்கட்டி, ஆட்களை இறக்கிவிட்டு, இயந்திரங்களை அணைத்து வைப்பதற்கு 'கோல்டு ஸ்டாக்' என்று பெயர். அப்படிப் படுக்கப் போட்டாலும் காவல், இன்ஷூரன்ஸ் என்று தினம் ஆயிரக்கணக்கான டாலர் செலவு உண்டு. மறுபடி எழுப்ப வேண்டுமென்றால் கோடிக்கணக்கான டாலர். எழுப்பக் கட்டுப்படியாகாத ரிக்குகள் குஜராத்தின் அலங் கடற்கரைக்கும், துருக்கியின் அலியாகாவுக்கும் போய்ப் பழைய இரும்பாகின்றன. அறுபது எழுபது கோடி டாலர் கொட்டிக் கட்டிய கப்பலுக்கும் கடைசியில் இரும்பு விலைதான்.

இன்னொன்றும் சொன்னார். "ஒரு வருசம் மழை பொய்ச்சா போர்காரனுக்குக் கொண்டாட்டம். உடனே ஊர்ல இருக்கறவனெல்லாம் கடனை வாங்கி வண்டி எடுப்பான். அடுத்த வருசம் பாத்தா போர் போடற எடத்தை விட வண்டி ஜாஸ்தியா இருக்கும். அடி ரேட்டு விழுந்துருமுங்க."

நார்வேக்காரர்களும் அமெரிக்கர்களும் திருச்செங்கோட்டுக்கு வந்து ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். 2011-லிருந்து 2013 வரை கச்சா எண்ணெய் நூறு டாலரைச் சுற்றி நின்றபோது, ஆளாளுக்குக் கடன் வாங்கித் தென்கொரியா, சிங்கப்பூர் கட்டுந்தளங்களில் வரிசையாக ரிக்குகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2014 ஜூனில் பேரல் 115 டாலர். 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. ஆர்டர் கொடுத்த ரிக்குகள் மட்டும் சொன்ன தேதிக்கு வந்து நின்றன.

இதில் ஸீட்ரில் என்ற கம்பெனியின் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கப்பல் அதிபர் ஜான் ஃப்ரெட்ரிக்சன் 2005-ல் ஆரம்பித்தது. 2013-ல் ஷேர் 40 டாலருக்கு மேல். 2014-ல் மூன்று மாதத்துக்கு ஒரு டாலர் டிவிடெண்ட், அதாவது வருஷத்துக்கு நாலு டாலர். பாங்க்கில் அரை சதவிகிதம் வட்டி கிடைக்காத அமெரிக்காவில் பத்து சதவிகிதம்! ரிட்டயர் ஆனவர்கள் விடுவார்களா? என்னைப் போன்றவர்கள்தான்.

2014 நவம்பரில் ஒரு நாள், இனிமேல் டிவிடெண்ட் இல்லை என்று அறிவித்தார்கள். அன்றைக்கே ஷேர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகும் கம்பெனி லாபக் கணக்கில் நன்றாகத்தான் தெரிந்தது. ஏன் தெரியுமா? பழைய ஒப்பந்தங்கள் பழைய வாடகைக்கே ஓடிக்கொண்டிருந்தன. எண்ணெய் விலை இன்றைக்கு விழுந்தால், அந்த அடி இந்தக் கம்பெனிகளின் மேல் இறங்க இரண்டு மூன்று வருஷம் ஆகும், ஒப்பந்தம் ஒவ்வொன்றாக முடியும்போது. அந்த இடைவெளியில்தான் 'அடடா, லாபத்தைப் பார்த்தால் ஷேர் கொள்ளை மலிவு' என்று நம்மைப் போன்ற புத்திசாலிகள் போய் விழுவது.

2017 செப்டம்பரில் ஸீட்ரில் அமெரிக்கத் திவால் சட்டத்தின் பதினோராம் அத்தியாயத்தில் தஞ்சம் புகுந்தது. 2018-ல் வெளியே வந்தபோது பழைய ஷேர்ஹோல்டர்களுக்கு மிஞ்சியது, புதிய கம்பெனியில் ஏறக்குறைய 2 சதவிகிதம். சரி, போனது போகட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு, 2021 பிப்ரவரியில் இரண்டாவது திவால். 2022-ல் வெளியே வந்தபோது அப்போதைய ஷேர்ஹோல்டர்களுக்குக் கால் சதவிகிதம். நூறில் இரண்டு, அந்த இரண்டிலும் நானூறில் ஒன்று. 2017-லிருந்து விடாப்பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தவரின் உரிமை இருபதாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒரு பாயசப் பாத்திரத்துக்குச் சொந்தக்காரர், கடைசியில் கரண்டியை மோந்து பார்த்த மாதிரி!

கம்பெனி மூழ்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே பெயர், அதே ரிக்குகள். பிறகு வாடகையும் ஏறியது. ஆனால் அந்த ஏற்றம், கடன் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாகப் புது ஷேரை எடுத்துக்கொண்டவர்களுக்குப் போனது. 'தொழில் கண்டிப்பா மறுபடி எழும்பும் அத்தான்' என்று மச்சினன் சொன்னது சரிதான். எழும்பும்போது நாம் உள்ளே இருப்போமா என்பதல்லவா கேள்வி?

2020-ல் கொரோனா வந்தது. ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போனது நினைவிருக்கலாம். எண்ணெயை எடுத்துக்கொண்டு போனால் மேற்கொண்டு காசும் கொடுக்கிறோம் என்கிற நிலைமை! அந்த ஒரே வருஷத்தில் டயமண்ட் ஆஃப்ஷோர், நோபிள், வாலாரிஸ் மூன்றும் வரிசையாகத் திவால் கோர்ட் படியேறின. அங்கெல்லாம் பழைய ஷேர்ஹோல்டர்களுக்குக் கிடைத்தது 'வாரண்ட்' என்கிற காகிதம். அதாவது, பின்னாளில் ஷேர் குறிப்பிட்ட விலையைத் தாண்டினால் அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. கல்யாணத்துக்குப் போனவருக்குச் சாப்பாடு இல்லாமல், 'வளைகாப்புக்கு வாங்க' என்று சொல்லி அனுப்புவது போல.

நம்ம சென்னையிலேயே ஒரு கதை உண்டு. அபான். 1986-ல் தொடங்கிய கம்பெனி. அரபிக் கடலில் சின்னதாக ஆரம்பித்து வளர்ந்தது. 2006-ல் நார்வேயின் ஸின்வெஸ்ட் கம்பெனியை நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கும் வேலையில் இறங்கியபோது நாடே நிமிர்ந்து பார்த்தது. வாங்கியதில் பெரும்பகுதி கடன் பணம். 2008-ன் தொடக்கத்தில் ஷேர் 5,000 ரூபாயைத் தாண்டியது. அந்த ஜூலையில் எண்ணெய் 147 டாலர். அதே டிசம்பரில் 40-க்கும் கீழே. 2010 மே மாதம் வெனிசுலா கடலில் அபான் பேர்ல் என்ற மிதவை ரிக் மூழ்கியது. நல்ல வேளை, அதில் இருந்த 95 பேரும் பிழைத்தார்கள். (இந்தச் செய்தியை உலகத்துக்கு ட்விட்டரில் சொன்னவர் வெனிசுலா ஜனாதிபதி ஹியூகோ சாவேஸ்!) பிறகு 2014-ன் விலை வீழ்ச்சி. பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேலே நின்ற கடன். 2020-ல் ஷேர் விலை இரண்டு இலக்கம்.

5,000 ரூபாய் 500 ஆனபோதும் 'இதுக்கு மேல எங்க விழும்?' என்று கேட்டுத்தான் பலர் எந்தக் கம்பெனி ஷேரையும் வாங்குகிறார்கள். 99 சதவிகிதம் விழுந்த ஷேர் என்றால் என்ன அர்த்தம்? 90 சதவிகிதம் விழுந்து, எல்லோரும் 'மலிவு' என்று ஓடி வந்த பிறகு, மறுபடியும் 90 சதவிகிதம் விழுந்த ஷேர்! கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இந்தக் கடனில் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ரிக்கின் மதிப்பு 100 ரூபாய், அதன் மேல் கடன் 80 என்று வையுங்கள். ஷேர்ஹோல்டருடையது 20. ரிக்கின் மதிப்பு 120 ஆனால் நம் இருபது, நாற்பதாகிவிடும். இரட்டிப்பு! மச்சினன் பார்ப்பது இந்தப் பக்கத்தை மட்டும். ரிக் 80-க்கு இறங்கினால் நம் இருபது பூஜ்யம். ரிக் ஐந்தில் ஒரு பங்குதான் விழுந்தது. நாம் முழுசாகப் போய்விட்டோம். பந்தி முறை அப்படி. ரிக்கை அடகு பிடித்தவர் முதல் பந்தி, மற்றக் கடன்காரர்கள் அடுத்தது. ஷேர்ஹோல்டர் கடைசிப் பந்தி. நம்ம நாட்டு 2016 திவால் சட்டத்திலும் கடைசி இடம் நமக்குத்தான். ரசம் வந்தால் அதிர்ஷ்டம்.

ஊருக்குத் திரும்பி, மச்சினன் சொன்ன கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பையனிடம் சொல்லி அச்செடுத்தேன். 200 பக்கம். முன்னால் உள்ள வழவழப்புப் படங்களைத் தள்ளிவிட்டேன். இரண்டு விதமான கணக்கு இருந்தது. தனிக் கணக்கில் பார்த்தால் கடன் தாங்கக்கூடியதாகத்தான் தெரிந்தது. மச்சினன் பார்த்தது அதைத்தான். வெளிநாட்டுத் துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கைப் பிரித்தால்... அம்மாடி! பூனை புலியாகிவிட்டது. அந்தக் கடனுக்கெல்லாம் தாய்க் கம்பெனி ஜாமீன் கையெழுத்து போட்டிருப்பது பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நண்பனுக்கு ஜாமீன் போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் இருக்கும் கணவர்களுக்கு இந்தப் பக்கம் சட்டென்று புரியும்.

திருச்செங்கோட்டுக்காரர் கேட்கச் சொன்ன மற்றதையும் தேடினேன். எத்தனை ரிக் ஓடுகிறது? பாதிக்கு மேல் நிற்கிறது. ஓடுகிறவற்றின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? பெரும்பாலும் 18 மாதத்துக்குள். கடனில் பெரிய தவணை எப்போது? 14-வது மாதத்தில். இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எண்ணெய் விலை ஏறும் என்று மச்சினன் சொல்வது மெய்யாகவே இருக்கட்டும். ஏறி, எண்ணெய்க் கம்பெனிகள் பட்ஜெட் போட்டு, டெண்டர் விட்டு, புது வாடகைக்கு ரிக் கடலுக்குள் போய் முதல் காசு வருவதற்குள் ஒன்றரை இரண்டு வருஷம் ஓடிவிடும். தவணை அதற்கு முன்பே வாசலில் நிற்கிறது. புரமோட்டர்கள் தங்கள் ஷேரில் எவ்வளவு அடகு வைத்திருக்கிறார்கள் என்றும் பார்த்தேன். (2009-லிருந்து இதை வெளியே சொல்லியாக வேண்டும் என்பது செபியின் விதி. புண்ணியம்.) கணிசமாகவே இருந்தது.

நியாயமாக எதிர்க்கட்சியையும் சொல்ல வேண்டும். டிரான்ஸ்ஓஷன் என்ற பெரிய கம்பெனி, அவ்வளவு கடனோடும் 2020-ல் திவாலாகாமல் தப்பியது. அந்த வருஷம் ஒரு டாலருக்கும் கீழே விற்ற ஷேர் 2023-ல் எட்டு டாலரைத் தொட்டது. அடிமாட்டு விலைக்கு வாங்கிய தைரியசாலிகளுக்கு எட்டு மடங்குக்கு மேல்! மச்சினன் இதை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "அதே ஷேர் 2008-ல் 150 டாலருக்கு மேல வித்துதுடா. அப்ப வாங்கினவனுக்கு இந்த எட்டு டாலர் ஊறுகாய்க்குக் காணுமா?" என்றேன். அவனிடம் பதில் இல்லை. ஆனால் முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

துருவினேன். சகதர்மிணியும் முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து எதிரே உட்கார்ந்தாள். அக்கா முன்னால் அவனுக்குப் பொய் வராது.

ஏற்கெனவே வாங்கிவிட்டானாம். இரண்டு லட்சத்துக்கு. பணம் எங்கேயிருந்து? பெண்டாட்டியின் நாலு பவுன் சங்கிலி, நகைக் கடனில். அவளுக்குத் தெரியாது. 'பாலிஷ் போடக் குடுத்திருக்கேன்' என்று சொல்லியிருக்கிறான். கடனில் கழுத்து வரை நிற்கிற கம்பெனியை, இவன் கடன் வாங்கி வாங்கியிருக்கிறான்! என்னிடம் கேட்ட அஞ்சு லட்சம், விலை இன்னும் இறங்கியதால் 'ஆவரேஜ்' செய்ய.

சகதர்மிணி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்க, சங்கிலிய மீட்க எவ்வளவு ஆகும்?" என்றாள்.

"வட்டியோட ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்."

"என் முட்டியில ஒண்ண இப்பப் பண்ணிக்கிறேன். இன்னொண்ணு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவன் அழுதுவிட்டான். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, கூடத்தில் உட்கார்ந்து. நான் எழுந்து போய், எரியாத அடுப்பைக் கொஞ்ச நேரம் அணைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. அவன் பாதி ஷேரை நஷ்டத்துக்கே விற்றான். எண்பதாயிரம் வந்தது. மீதியை நான் போட்டேன். மாதம் ஐயாயிரமாகத் திருப்பித் தருவதாகப் பேச்சு. சங்கிலி பாலிஷோடு வீடு போய்ச் சேர்ந்தது. (நிஜமாகவே பாலிஷ் போட்டோம். தடயம்!) பாக்கிப் பாதியை அவன் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது போனாலும் எந்த வீட்டிலும் அடுப்பு அணையாது.

நான் எவ்வளவு வாங்கினேன் என்றுதானே கேட்கிறீர்கள்? ஹி... ஹி... ஐம்பது ஷேர். ஆயிரத்து இருநூறு ரூபாய். சர்க்கஸ் டிக்கெட் மாதிரி. சகதர்மிணிக்குத் தெரியாது. இந்த வார இதழை எங்கே ஒளித்து வைப்பது என்றுதான் யோசனை.

பிப்ரவரியில் வலது முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரியும் துணைக்கு இருந்தவன் மச்சினன்தான். இரண்டாம் நாள் விடியற்காலை, நான் பிளாஸ்க்கில் காபியோடு உள்ளே நுழைகிறேன், இருட்டில் அவன் முகத்தில் மட்டும் செல்போன் வெளிச்சம்.

"அத்தான்... குரூடு ரெண்டு டாலர் ஏறியிருக்கு!" என்றான் கிசுகிசுப்பாக.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, முதல்ல அந்தப் போனைப் பிடுங்குங்க."

பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு, வராந்தாவுக்கு வந்து நானும் ஒரு தடவை பார்த்தேன். ரெண்டு டாலர் இல்லை, ஒண்ணரைதான்.